கொடை வளர்த்த பேரறிஞர்: இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை

குளந் தொட்டவர் பெயரும் கோயில் எடுத்தவர் பெயரும் கல்லிலே பொறிக்கப்பட்டு நிற்கின்றன. பிள்ளையொருவனின் படிப்புக்குப் பொருள் ஈந்தவர் பெயர் அங்ஙனம் நிற்பது அரிது. அவர் ஈந்த பொருள் ஒரு மனிதனுள்ளே மறைந்து, பின்னர் அவன் ஆற்றும் தொழிலாகவும், அவன் பயிற்றும் மாணாக்கராகவும், அவன் தொடங்கும் தாபனங்களாகவும் வெளிப்படுகின்றது. அவ்வாறு வெளிப்படும்போது ஈந்தவர் எண்ணிய உருவத்திலேயே அது வெளிப்படும் என்பதற்கும் உறுதியில்லை. இவ்வுண்மைக்கு வட்டுக்கோட்டையிலே கல்வி கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் வாழ்வு சிறந்த சான்றாகும்.

பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய பெருமகன் என்ற அளவில் அவரை யாவரும் அறிவர். அவரை அத்தகைய பெருமகனாக்கிய பயிற்சிக்குப் பொருள் எங்கிருந்து வந்தது, அப்பொருளை அளித்தோர் எதனை எதிர்பார்த்தனர், அவர் தாம் பெற்றதை யாருக்கு எவ்வாறு திருப்பியளித்தார் என்பனவற்றைப் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. கல்லூரியின் வளர்ச்சிக்கெனப் பழைய மாணவர் பொருள் திரட்டும் விழாக் காலத்திலே அவற்றை எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகுமெனக் கருதி அவர் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வட்டுக்கோட்டைச் செமினரி

தாமோதரம்பிள்ளையவர்களின் வாழ்வைக் கூறுமுன் அவரை உருவாக்கிய கலாசாலையைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1816 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த அமெரிக்க மிஷனார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். கிராமப் பாடசாலைகளை நிறுவிய பின்னர், அவற்றிலே தேறிய பிள்ளைகளுக்கு உயர்தரக் கல்வி அளிக்கும் நோக்கத்துடன் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் ஒரு கலாசாலையை ஏற்படுத்தினர். வட்டுக்கோட்டைச் செமினரி எனப் பிற்காலத்திலே பெயர் பெற்றது அதுவே. தானியேல் பூவர் என்பார் அதன் முதல் அதிபராய் விளங்கினார். அவருக்குப் பின் வந்தவர்களுள் ஹோய்சிங்டன் என்பார் குறிப்பிடத்தக்கவர்.

அக்கலாசாலைக்கு மூலதனமாய் அமைந்தது கடல்கடந்த நாடொன்றிலே சாதாரண மக்கள் சேர்த்தளித்த காணிக்கைப் பணமாகும். அமெரிக்க நாட்டின் சிற்றூர்களிலுள்ள சபையாரும் தனிப்பட்ட குடும்பத்தினரும் தாம் ஒருபோதும் காணாத யாழ்ப்பாணப் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்கும் படிப்புக்குமெனப் பணம் அனுப்பினர். பிள்ளையொருவனைத் தாங்க முன்வந்தவர் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடும் வழக்கமும் மிஷன் பாடசாலைகளில் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்றாற்போல அந்நியப் பெயரும் தமிழ்ப் பெயரும் இணைந்து வழங்கும் முறை அக்காலத்திலே தோன்றியது. ஈந்தவர் பெயரைக் கல்லிலே வெட்டாது மனிதர்மேல் எழுதிய வழக்கம் அது. அதனை மேன்மை என்பாரும் உளர். பிறர் பிள்ளைக்குத் தம் பெயர் சூட்டுதல் தகுமோ என்பாரும் உளர். எவ்வாறாயினும் அப்பெயர்களைத் தாங்கியவர்கள் தமிழுலகிலே அவற்றை நிலைக்கச் செய்தனர் என்பதில் ஐயமில்லை.

செமினரியின் பாடத்திட்டம் விரிந்தது. ஆங்கிலமும் தமிழும் மட்டுமன்றிக் கணிதம், வானசாத்திரம், இயற்கைத் தத்துவம், தருக்கம் முதலியனவும் அங்கே கற்பிக்கப்பட்டன. மாணவர்கள் அங்கேயே உண்டு உறைந்து பல ஆண்டுகள் கற்றனர். தேறியவர்களுட் சிறந்தவரை அங்கேயே ஆசிரியராய் அமர்த்தும் வழக்கமும் உண்டு. 1841 ஆம் ஆண்டிலே உதயதாரகைப் பத்திரிகை தோன்றியபோது அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர்கள் செமினரியிற் கற்ற தமிழரே. சிதம்பரப்பிள்ளை தமிழிலே தருக்கநூல் எழுதினார். விசுவநாதபிள்ளை தமிழிலே அட்சரகணித நூல் எழுதினார். கற்றதை ஒப்புவிக்கும் மாணவரை மட்டும் அக்கலாசாலை உண்டாக்கவில்லை. கற்பிக்கவும் எழுதவும் பிறரை நடத்தவும் வல்லாரையும் உண்டாக்கியது. உத்தியோகம் பெறுதல் வேறு. பெற்ற தொழிலிலே பிறருக்கு வழிகாட்டியாய் நிற்றல் வேறு. செமினரியின் பயிற்சி இரண்டாவதற்கு இடமளித்தது என்பதை நாம் முதலிலே மனங்கொள்ளுதல் வேண்டும்.

இளமையும் கல்வியும்

தாமோதரம்பிள்ளையவர்கள் 1832 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 12 ஆம் நாள் சிறுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி அம்மையார். நீதிநூல்களையும் நிகண்டையும் இலக்கணத்தின் தொடக்கத்தையும் தந்தையாரிடமே கற்ற சிறுவன், பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங் கேட்டான். ஆங்கிலத்தைத் தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலே கற்றான். தமிழ்ப் பண்டிதரொருவரிடம் முறையாகக் கற்ற கல்வியும் மேனாட்டுச் சாத்திரக் கல்வியும் ஒருவனிடத்திலேயே கூடும் வாய்ப்பு யாழ்ப்பாணத்திலே அக்காலத்தில் இவ்வாறு உண்டாயிற்று. பின்னாளிலே அவர் ஆற்றிய பெரும்பணிக்கு இவ்விரண்டும் வேண்டியிருந்தன.

1844 ஆம் ஆண்டிலே, தமது பன்னிரண்டாம் வயதிலே, அவர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். 1852 ஆம் ஆண்டுவரை, ஏறக்குறைய எட்டாண்டு காலம் அங்கே பயின்றார். இந்த எட்டாண்டு என்னும் கணக்கு நம் சிந்தனைக்குரியது. ஓராண்டுப் பயிற்சியினாலோ ஒரு பரீட்சையினாலோ அத்தகைய அறிஞர் உருவாவதில்லை. விளைவை உடனே காணவேண்டுமென்று பறவாமல், ஆண்டுதோறும் தவறாது பொருள் அனுப்பிய கொடையாளரின் பொறுமை அந்த எட்டாண்டுகளின் பின்னே இருந்தது.

செமினரியை விட்டு வெளிவந்த உடனே, இருபது வயது இளைஞராய், கோப்பாய்ப் போதனா வித்தியாசாலையிலே ஆசிரியராய் அமர்ந்தார். ஆசிரியராக வருவோரைப் பயிற்றும் இடமாதலால், அவருடைய முதற் தொழிலே ஒரு தொழிற்கூட்டத்தாரை உருவாக்கும் தொழிலாயிற்று. அக்காலத்திலேயே நீதிநெறி விளக்கத்தை அச்சிட்டு வெளியிட்டார். அவர் வெளியிட்ட நூல் வரிசையிலே முதலிலே நிற்பது அச்சிறு நூலேயாம்.

சென்னையிலே

யாழ்ப்பாணத்திலே வெசிலியன் மிஷனைச் சார்ந்திருந்த பேர்சிவல் பாதிரியார் சென்னைக்குச் சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தியபோது, அதன் ஆசிரியப் பொறுப்புக்குத் தாமோதரம்பிள்ளையவர்களை அழைத்தார். பத்திரிகைப் பணியோடு சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் பணியும் அவருக்குக் கிடைத்தது.

1857 ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அது நடத்திய முதலாவது பீ. ஏ. பரீட்சையிலே தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை; மற்றையவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிலே உருவானவர்கள். விசுவநாதபிள்ளை அச்செமினரியிலே ஆசிரியராய் இருந்தவருமாவார். பரந்த சென்னை மாகாணத்தின் முதற் பட்டதாரிகள் இருவரையும் பனந்தோப்புகளிடையே நின்ற ஓர் ஊர்க் கலாசாலை அளித்தது என்பது சிறிய செய்தியன்று.

அதன்பின் அவர் கள்ளிக்கோட்டை அரசினர் வித்தியாசாலையிலே உதவித் தலைமையாசிரியராய் அமர்ந்தார். பின்னர்ச் சென்னைக்கு மீண்டு அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையிலே உத்தியோகம் ஏற்றுப் படிப்படியாக உயர்ந்து விசாரணைக் கருத்தராயினார். அலுவலுக்கிடையே சட்டமும் பயின்று 1871 ஆம் ஆண்டிலே பீ. எல். பட்டம் பெற்றார். ஆசிரியர், பத்திரிகையாளர், கணக்குச் சாலை உத்தியோகத்தர், வழக்கறிஞர் என்று அவர் ஏற்ற தொழில்கள் பல. அவை ஒவ்வொன்றிலும் முன்வரிசையிலே நின்றார். ஒரு தொழிலுக்கென மட்டும் பயிற்றப்பட்டவரால் இவ்வாறு பல துறைகளில் நிற்றல் இயலாது.

செமினரி மூடப்பட்டமை

தாமோதரம்பிள்ளையவர்கள் முன்னேறிக்கொண்டிருந்த காலத்திலேயே அவரை வளர்த்த செமினரி மூடப்பட்டது. 1855 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து மிஷன் தலைமைச் சங்கத்தின் காரியதரிசியாகிய உரூபஸ் அண்டர்சன் என்பாரும் தொம்சன் என்பாரும் யாழ்ப்பாணம் வந்து மிஷன் காரியங்களைப் பார்வையிட்டனர். அவ்வாண்டின் பின்னர்ச் செமினரி நடைபெறவில்லை.

அவர்கள் முடிவுக்குக் காரணம் இல்லாமலில்லை. செமினரிக்குப் பணம் அளித்தோர் விரும்பியது கிராமங்களிலே சமய ஊழியம் செய்வோரை ஆக்குதல். ஆங்கிலங் கற்ற மாணவரோ பெருந்தொகையினராய் அரசாங்க உத்தியோகத்தையும் பிற தொழில்களையும் நாடிச் சென்றனர். சமய வேலைக்கு வந்தோருக்குக் கிடைக்கும் சம்பளம் சிறிது. கச்சேரியிலே இலிகிதராய் அமர்ந்தவர்க்குக் கிடைப்பது பெரிது. தாய்மொழியிலே சிலகாலம் பயிற்சி பெற்றோரே கிராம ஊழியத்துக்குப் போதுமானவர் என்பது அண்டர்சனின் கொள்கை. அக்கொள்கைப்படி நோக்கினால் செமினரிக்குச் செலவிட்ட பொருள் தன் நோக்கத்தை அடையாத பொருளாகும். பிறர் மனமுவந்து அளித்த பணத்துக்குக் கணக்குக் கொடுக்கும் பொறுப்புடையார் அவ்வாறு கருதியதை நாம் குறைகூறுதற்கில்லை.

ஆயினும் கணக்கை எந்த ஆண்டிலே முடித்துக் கூட்டினர் என்பதை நாம் கேட்டல் வேண்டும். 1855 ஆம் ஆண்டிலே முடித்தால் ஒரு விடை. 1885 ஆம் ஆண்டிலே முடித்தால் வேறொரு விடை. செமினரி மூடப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளே அதன் புதல்வர் இருவர் ஒரு மாகாணத்தின் முதற் பட்டதாரிகளாயினர். முப்பதாண்டுக்குள்ளே அவருள் ஒருவர் தமிழின் முதன்மையான இலக்கண நூலை அழிவிலிருந்து மீட்டார். இவை கொடையாளர் வைத்த கணக்கேட்டிலே இடம்பெறாத வரவுகள்.

ஏழாலை வித்தியாசாலை

கிறித்தவச் சூழலிலே கல்வி பெற்ற தாமோதரம்பிள்ளையவர்கள் பின்னர்ச் சைவநெறியைத் தழுவி நின்றார். சைவ மகத்துவம் என்னும் நூலையும் இயற்றினார். அவர் தம் ஊரவர்க்குச் செய்த கைங்கரியத்தை நோக்கும்போது, செமினரியிலே தாம் கண்டதை அவர் மறந்திலர் என்பது புலனாகின்றது.

சைவப் பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே கற்றல் வேண்டுமென ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதனைத் தாங்கியது ஊரவர் அளித்த பொருளும் ஊதியம் கருதாது கற்பித்த மாணாக்கரின் உழைப்பும். 1872 ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் ஆங்கிலம் கற்பிக்கவும் ஒரு வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினாலே அது சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. நாவலரவர்களைப் போன்ற பேராற்றல் படைத்தவர் முன்னின்றும் ஒரு கலாசாலை நிலைக்கவில்லையெனின், ஒருவரின் ஆற்றல் மட்டும் போதாது, ஆண்டுதோறும் வந்துசேரும் நிலையான பொருளும் வேண்டும் என்பது விளங்கும்.

இத்தகைய காலத்திலே, 1876 ஆம் ஆண்டில், தாமோதரம்பிள்ளையவர்கள் ஏழாலையிலே சைவ வித்தியாசாலையொன்றை நிறுவினார். தாமோ சென்னையிலே உத்தியோகம். வித்தியாசாலையோ கடலுக்கு இப்பால். தாம் அருகே இருந்து நடத்த இயலாதவிடத்துத் தகுதியுடைய ஆசிரியரைத் தேர்ந்து அமர்த்துதலே வழி. அங்கே ஆசிரியராய் அமர்ந்தவருள் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் ஒருவர். அக்காலத்திலே அவர் இளைஞர். பிற்காலத்திலே யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் புலமைக்கே தலைமை தாங்கிய பேராசான் ஆனார். பல மாணாக்கரை உருவாக்கினார். வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையிலும் தலைமை ஆசிரியராய் விளங்கினார். ஏழாலைப் பாடசாலையின் கட்டடத்திலும் பார்க்க, ஓர் இளம்புலவர்க்கு ஆசிரியத் தொழிலையும் அதனால் ஒரு நிலையையும் அளித்தமையே அப்பாடசாலை செய்த பேருதவி என நாம் கருதுகின்றோம்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

தாமோதரம்பிள்ளையவர்களின் புகழுக்கு நிலைக்களமாய் அமைந்தது பதிப்புப் பணி. 1868 ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை வெளியிடும் பணியிலே அவர் பங்குகொண்டார். 1879 ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் சிவபதமடைந்தபின் அப்பாரம் பெரும்பாலும் அவர் தோளிலே இறங்கியது. 1881 ஆம் ஆண்டிலே வீரசோழியத்தைப் பெருந்தேவனார் உரையுடன் வெளியிட்டார். 1883 ஆம் ஆண்டிலே இறையனாரகப்பொருளும் தணிகைப் புராணமும் வெளிவந்தன. 1885 ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையும், 1889 ஆம் ஆண்டிலே இலக்கண விளக்கமும் சூளாமணியும், அதன்பின் நச்சினார்க்கினியர் உரையுடன் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் முழுமையாக அச்சேறியது அவருடைய கலித்தொகைப் பதிப்பேயாம்.

இப்பணியின் அருமையை இக்காலத்து மாணவர் எளிதிலே உணரார். அக்காலத்து ஏடுகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. குற்றெழுத்தையும் நெட்டெழுத்தையும் பிரித்தறியும் குறியும் பலவிடங்களிலே இல்லை. மூலமும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். செல்லரித்த ஏடுகளிலே வரிகள் பாதியாய் நிற்கும். ஒரே நூலின் பல பிரதிகளை ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் மடங்களிலும் வீடுகளிலும் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒத்துநோக்கி, எது ஆசிரியர் பாடம், எது எழுதினோர் பிழை என்று துணிதல் வேண்டும். அதற்கு இலக்கண அறிவோடு, காரணங் காட்டி முடிவு செய்யும் தருக்கப் பயிற்சியும் வேண்டும். முத்துக்குமாரக் கவிராயர் தந்த தமிழும் வட்டுக்கோட்டை தந்த சாத்திரப் பயிற்சியும் இங்கே ஒருங்குகூடி நின்றன.

அறிவு மட்டும் இதற்குப் போதாது. ஏடு தேடிச் செல்லும் பிரயாணத்துக்கும், பிரதி செய்வோர்க்கும், ஒத்துநோக்கும் பண்டிதர்க்கும், காகிதத்துக்கும், அச்சுக்கூலிக்கும் பணம் வேண்டும். இலக்கண நூலை விலைகொடுத்து வாங்குவோரோ மிகச் சிலர். இட்ட முதல் மீள்வது அரிது. தாமோதரம்பிள்ளையவர்கள் தம் உழைப்பாற் பெற்ற பொருளை இப்பணியிலே இட்டார். தமிழபிமானமுடைய பெருமக்களின் உதவியையும் நாடினார். நூல்களுக்கு எழுதிய பதிப்புரைகளிலே தமிழ் மக்கள் இப்பணியைத் தம் கடமையாய் ஏற்றல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். மன்னரும் வள்ளல்களும் புலவரைத் தாங்கிய காலம் போயிற்று. இனி மக்கள் பலர் சிறுகச் சிறுக அளிக்கும் பொருளே அந்த இடத்தை நிரப்பல் வேண்டும் என்னும் உண்மையை அவர் தம் அனுபவத்தாலே நன்கு அறிந்திருந்தார்.

பிற்கால வாழ்வு

1882 ஆம் ஆண்டிலே அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பிள்ளையவர்கள், பின்னர்க் கும்பகோணத்திலே வழக்கறிஞராய் அமர்ந்தார். அங்குள்ள கல்லூரியிலே தமிழாசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையரவர்களோடு பழக்கம் உண்டாயிற்று. ஒருவர் கலித்தொகையையும் மற்றையவர் சீவக சிந்தாமணியையும் 1887 ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தினர். அவ்வாண்டு தொடங்கிப் பிள்ளையவர்கள் புதுக்கோட்டைச் சமத்தானத்திலே நீதிபதியாய் மூன்றாண்டளவில் கடமையாற்றினார். 1895 ஆம் ஆண்டிலே அரசாங்கம் அவருக்கு இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தது.

முதுமையிலும் இளைஞரின் ஆற்றலைக் கண்டு அவர்களை முன்னிறுத்தும் இயல்பு அவரிடம் குன்றவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரின் புலமையை மதித்துத் திராவிட சாஸ்திரி என்னும் பட்டத்தை வழங்கியவர் இவரே. பரிதிமாற்கலைஞர் என்று பின்னாளிலே தமிழகம் போற்றும் அறிஞர் அவர். பணம் கொடுத்து வளர்த்தல் ஒருவகை. தக்க காலத்திலே தகுதியை எடுத்துரைத்து ஊக்குதல் மற்றொருவகை. இரண்டும் கொடையேயாம்.

1901 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் நாள் தாமோதரம்பிள்ளையவர்கள் சென்னையிலே காலமானார். அவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு.

கணக்கு முடிவது எப்போது

இனி, நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்கு மீளுவோம். செமினரிக்குப் பொருள் அளித்தோர் ஒரு சமயத்தின் ஊழியரை வேண்டினர். தாமோதரம்பிள்ளையவர்களைப் பொறுத்தவரை அவர்கள் வேண்டியது கிடைக்கவில்லை. அவர் பெற்ற கல்வி சைவ வித்தியாசாலையாகவும், தொல்காப்பியப் பதிப்பாகவும் வெளிப்பட்டது. இதனை நட்டமென்று சொல்வது யார்க்கும் கூடுமோ? ஈந்தவர் எண்ணியதினும் பரந்த ஒரு சமுதாயம் அப்பயனை நுகர்ந்தது, இன்றும் நுகர்ந்துகொண்டிருக்கின்றது. பெற்றவர் தமக்குக் கொடுத்தவர்க்குத் திருப்பிக் கொடுத்திலர். தமக்குப் பின் வந்தவர்க்குக் கொடுத்தார். ஆளை வளர்க்கும் கொடைக்கு இதுவே இயல்பான கைம்மாறு என நாம் எண்ணுகின்றோம்.

செமினரி மூடப்பட்டபோது வட்டுக்கோட்டை மக்களும் அதன் பழைய மாணவரும் வாளாவிருக்கவில்லை. உயர்கல்வி மீண்டும் வேண்டுமென்று அவர்கள் விடாது முயன்றதன் பயனாக, அதே வளவிலே 1872 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. முன்னே பிறர் அளிக்கத் தாம் பெற்றவர்கள் இப்போது தாமே முன்னின்று வேண்டுவோராயும் அளிப்போராயும் மாறினர். செமினரியின் மற்றொரு புதல்வராகிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1880-களின் பிற்பகுதியிலே யாழ்ப்பாண நகரிலே ஆங்கில உயர்தரப் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். பொருட் குறைவால் அவரால் அதனைத் தொடர்ந்து நடத்த முடியவில்லை. அதனை நாகலிங்கம் என்னும் நியாயவாதி ஏற்றார். அவரிடமிருந்து சைவபரிபாலன சபையார் ஏற்றனர். 1890 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் நிலைபெற்ற அப்பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நாவலரவர்களின் ஆங்கில வித்தியாசாலை நின்றவிடத்து இது நிலைத்தமைக்குக் காரணம், தனியொருவர் தோளிலிருந்து அப்பாரம் ஒரு சபையின் தோளுக்கு மாறியமையேயாம். வட்டுக்கோட்டையிலே ஊன்றிய வித்து இந்துக் கல்லூரியொன்றின் வேரிலும் கலந்திருத்தலை நாம் மறத்தலாகாது.

இன்று நம் முன்னுள்ள நிலை வேறு. 1945 ஆம் ஆண்டு தொடங்கி இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உதவி பெற்ற பாடசாலைகள் பெரும்பாலனவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆசிரியர் சம்பளத்துக்காக ஊரவர் வீடுவீடாய்ச் சென்று பொருள் சேர்க்கும் தேவை நீங்கிற்று. அதனால், பழைய மாணவர் அளிக்கும் பொருள் பெரும்பாலும் கட்டடமாகவும் மதிலாகவும் மண்டபமாகவும் உருப்பெறுகின்றது. அவை வேண்டாதனவல்ல. ஆயினும் கட்டடம் கண்ணுக்குத் தெரிவதாலேயே முதலிடம் பெறுதல் நன்றன்று.

இப்பெரியாரின் சரிதம் நமக்கு மூன்று செய்திகளைக் கூறுகின்றது. முதலாவது, ஆளை வளர்க்கும் கொடை நீண்டகாலக் கொடையாதல் வேண்டும். பரிசளிப்பு விழாவிலே ஒருமுறை கொடுக்கும் பணமுடிப்பு ஒருவனை மகிழ்விக்கும். எட்டாண்டு தவறாது தாங்கும் கொடை அவனை உருவாக்கும். இரண்டாவது, தொழிலுக்கு ஆளை அனுப்புவதோடு நின்றுவிடாமல் அத்தொழிலிலே தலைமை ஏற்கும் தகுதியையும் அளித்தல் வேண்டும். ஆசிரியராய்ச் சேர்ந்த இளைஞன் நாளை அதிபராகவும், மருத்துவமனைத் தாதி நாளைத் தாதியர்க்குப் பயிற்சியளிப்பவராகவும், கூட்டுறவுச் சங்கத்து இலிகிதர் நாளை அச்சங்கத்தை நடத்துபவராகவும், பட்டறையிலே கைவேலை பழகியவன் நாளைப் பத்துப்பேருக்கு வேலை கொடுப்பவனாகவும் உயர்தற்கு மேற்படிப்பும் வழிகாட்டலும் ஓய்வுக்காலமும் வேண்டும். உத்தியோகம் கிடைத்ததும் நம் கடமை முடிந்ததென்று பழைய மாணவர் சங்கங்கள் கருதும் வரை இது நிறைவேறாது.

மூன்றாவது எல்லாவற்றிலும் அரியது. கொடுத்தவர் கொடுத்ததோடு பெற்றவரின் கட்டைத் தளர்த்திவிடல் வேண்டும். நாம் உதவிய மாணவன் நம் கல்லூரிக்கே திரும்பி வரல் வேண்டும், நாம் விரும்பிய தொழிலையே ஏற்றல் வேண்டும், நம் பெயரைச் சொல்லிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்த்தல் மனித இயல்பு. கடல்கடந்து வாழும் நம்மவர் அனுப்பும் பொருளுக்கும் இவ்வெதிர்பார்ப்பு உண்டு. எனினும் அவ்வெதிர்பார்ப்பே அளவுகோலாகுமாயின், தாமோதரம்பிள்ளையைப் போன்ற ஒருவரை நாமும் வீண் செலவென்று எழுதிவிடக் கூடும். பணத்தின் செலவுக்குச் சரியான கணக்கைக் கேட்போம்; வளர்ந்த மனிதனின் வாழ்வுக்குக் கணக்குக் கேளாதிருப்போம். அது அவன் தன் பின்னோர்க்குக் கொடுக்கவேண்டிய கணக்கு.

சிறுப்பிட்டியிலே பிறந்து, வட்டுக்கோட்டையிலே வளர்ந்து, சென்னையிலே உயர்ந்து, தமிழ் வழங்கும் இடமெங்கும் பயன்பட்ட இப்பெரியாரின் சரிதத்தை மாணவர் ஊன்றிக் கற்பாராக. தாம் பெறும் உதவியைப் பிறர்க்கு அளித்தற்குரிய முதலாக அவர்கள் கொள்வாராக. பொருள் படைத்த பழைய மாணவரும், தாம் பார்த்து மகிழ இயலாத காலத்திலே கனியும் மரத்துக்கு நீர் ஊற்றும் மனத்தைப் பெறுவாராக. அத்தகையோர் கூடிநிற்கும் கல்லூரிக்கு என்றும் குறைவில்லை.